ஈசானி மூலையில் அண்ணாச்சியின் டேங்கு

1

இன்று காலை என் மேசைக்கு இரண்டு சீனர்கள் வந்தார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒருவர் புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க் மற்றவர் நிலத்துக்குள் ஒன்றரை முழம் புகுந்துவிட்டது. யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து நான் பினாங்கில் சுகாதார ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் யார் டேங்க் கட்டுவதானாலும் அதன் வரைபடம் என் கை பட்டுத்தான் துரையின் அறைக்குப் போகும். நல்ல சண்டை ஒன்று வரப்போகிறது என்று பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கட்டியவர், "மழை முடியட்டும், உடைத்து எடுத்துவிடுகிறேன்" என்றார். மற்றவர், "சரி" என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்க் கடைக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இப்படியா முடிப்பது? ஒரு வசவு இல்லை, ஒரு மனு இல்லை, ஒருவன் மூக்கை ஒருவன் உடைக்கவில்லை! இதே வழக்கு எனக்கும் ஊரில் இருந்தது. அது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தென்காசிப் பக்கத்தில் இந்தக் கதையை ஒருவர் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கேள்வி. ஆகவே என் கட்சியை நான் எழுதிவிடுகிறேன். நடுநிலையான கட்டுரை வேண்டும் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

2

நாங்கள் குடியிருப்பது வரிசை வீடு. ஒன்பது குடும்பத்துக்கு ஒரு குழாய். காலையில் தண்ணீர் வரும். அது நிற்பதற்குள் எல்லோரும் பிடித்தாக வேண்டும். என் மனைவி கோமதி பதிமூன்று வருஷமாக அந்தக் குழாயடியில் நிற்கிறாள். தமிழ், மலாய், சீனம், தெலுங்கு என்று நாலு பாஷையிலும் "என் முறை" என்று சொல்லத் தெரியும். வேறு எதுவும் அந்தப் பாஷைகளில் அவளுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

அவளுக்கு ஒரே ஆசை. சொந்தக் கிணறு. நகை கேட்டதில்லை, சினிமா கேட்டதில்லை. "நான் நெனச்ச நேரத்துல வாளியப் போடணும், நெனச்ச நேரத்துல எடுக்கணும். எவளும் எனக்குப் பின்னால நின்னு முணுமுணுக்கக் கூடாது" என்பாள். அதற்காகத்தான் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், தெற்குப் பார்த்த மனை ஒன்றை வாங்கிப் போட்டோம். வடகிழக்கு மூலை, அதாவது ஈசானி மூலை, கிணற்றுக்கு. வீடு பிறகு. முதலில் கிணறு என்பது அவள் தீர்மானம். கிணற்றில் எத்தனை படி இருக்க வேண்டும், துவைக்கிற கல் எந்தப் பக்கம் என்றெல்லாம் குழாயடியில் நின்றபடியே முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் ஒரே மகள் ராஜத்துக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவள் கான்வென்டில் படிக்கிறாள். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் நடந்து மலாயில் போய் நிற்பாள். "கிணற்றில் தவளை இருக்குமே அப்பா" என்பதுதான் சொந்த ஊரைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி.

3

மலாயா சுதந்திரம் வாங்கிய மறுவருஷம் எனக்கு நீண்ட லீவு கிடைத்தது. கிணறு வெட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று மூவரும் கப்பலேறினோம். தென்காசியில் கோமதியின் தம்பி சுப்பையா வீட்டில் தங்கல். அங்கிருந்து மனை நடக்கிற தூரம்தான். வந்த மறுநாளே மனையைப் பார்க்கப் போனோம். வைகாசிக் கடைசி. சாரல் தொடங்கவில்லை, காற்று மட்டும் தொடங்கியிருந்தது.

கிழக்கே, எங்களை ஒட்டிய மனையில் பளபளவென்று ஒரு மாடி வீடு. வாசலில் போர்டு: "சீசனுக்கு வீடு வாடகைக்கு விடப்படும். செப்டிக் டேங்க் கக்கூஸ் வசதி உண்டு." எங்கள் மனையின் ஈசானி மூலையில் சிமெண்டுப் பலகை ஒன்று வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதில் இரண்டு மூடி. பக்கத்தில் கல்லடுக்கிய ஊறல் குழி, டேங்கில் நிறைந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்காக. பதிமூன்று வருஷமாக ஊரார் டேங்கையெல்லாம் காகிதத்தில் பார்த்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோமதி அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரர் சண்முகவேலு அண்ணாச்சி. பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரம். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. என்னைக் கண்டதும் அப்படி ஒரு வரவேற்பு.

"வாங்க தம்பி, வாங்க! பினாங்குல இருந்து எப்பம் வந்திய? ஏட்டி, தம்பிக்கு மோர் கொண்டா!"

"அண்ணாச்சி, உங்க டேங்கு எங்க மனையில இருக்கு" என்றேன்.

அவர் திடுக்கிடவே இல்லை. "அதுவா! அது ஒரு சின்னக் கத தம்பி. வீட்டு அகலம் முப்பத்துநாலு அடி வந்துச்சி. மனையடி சாஸ்திரத்துல அது ஆகாதாம். முப்பத்தாறாக்கச் சொல்லிட்டாரு சோசியரு. ரெண்டடி தள்ளிட்டோம். அப்புறம் பாத்தா டேங்குக்கு எடங் காணல. கக்கூஸ் குழி வாயு மூலையிலதான் இருக்கணும், வேற எங்கன வச்சாலும் வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாரு. கொத்தன், காலி மனைதானன்னு அங்கிட்டுத் தள்ளிப் போட்டுட்டான்."

அவருடைய வடமேற்கு மூலை என்பது என்னுடைய வடகிழக்கு மூலை. அவர் குடும்பத்துக்குத் தோஷம் வரக் கூடாதென்று, சாமிக்கு உரிய என் மூலையில் மலத்தைக் கொண்டு இறக்கியிருக்கிறார். இதைச் சொன்னேன். அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க எங்க தம்பி வரப்போறிய? கப்பலேறினவுக யாரு திரும்பி வந்து வீடு கெட்டியிருக்காவ? காலி மனைதான, கெடக்கட்டும்."

காலி மனை! குழாயடியில் ஒருத்தி நின்ற பதிமூன்று வருஷம் இவருக்குக் காலி. மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்றே இந்த ஆளை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

4

தாலுகா ஆபீஸுக்கு மனு, ஸ்டாம்பு, மனுவுக்கு நகல், நகலுக்கு ஒரு மனு. ஜன்னலில் இருந்த குமாஸ்தாவை நான் பழக்கதோஷத்தில் "துவான்" என்று கூப்பிட்டுவிட்டேன். மலாயில் "ஐயா" என்று அர்த்தம். அவர் தலையைத் தூக்கி, "யாரைய்யா துவான், நான் முத்துசாமி" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ பேரைக் காக்க வைத்தவன். இந்தப் பக்கத்தில் நிற்கும்போதுதான் கால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தது. இருந்தாலும் மூன்றாம் வாரம் சர்வேயர் சங்கிலியோடு வந்துவிட்டார்.

நல்ல மனிதர். அரளிப் புதரைக் கொத்திப் புதைந்து கிடந்த சர்வே கல்லைக் கண்டுபிடித்தார். சங்கிலி பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டே வந்தார். கோடு டேங்கின் பலகை மேல் ஏறி நடுவில் இறங்கியது. கிழக்குப் பாதி அவருடையது. மேற்குப் பாதி, இரண்டு மூடிகள், ஊறல் குழி முழுவதும் எங்களுடையது. வேடிக்கை பார்க்க ரோட்டில் போனவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அண்ணாச்சி கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"சரி வே, பாதி டேங்கு உம்மதுதான். நான் இல்லங்கல. ஆனா வந்த நாள்ல இருந்து உம்ம மக எங்க வீட்டுக் கக்கூஸுக்குத்தான வாரா? அப்பம் டேங்குல உங்க பங்கும் கெடக்குல்லா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சர்வேயர்கூடக் குனிந்து சங்கிலியைச் சுருட்டுவது போல் வாயை மறைத்துக்கொண்டார்.

ராஜத்தைத் தேடிப் போய்க் கேட்டேன். உண்மைதான். சுப்பையா வீட்டில் இருந்தது தினம் ஆள் வந்து வாளியில் அள்ளிப் போகிற பழைய எடுப்புக் கக்கூஸ். அதற்குள் போக மாட்டேன் என்று மூன்று நாள் அடக்கிக்கொண்டு அழுதிருக்கிறாள். அத்தைக்காரி, சுப்பையாவின் மனைவிதான் பரிதாபப்பட்டு அண்ணாச்சி வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். "அங்கே சங்கிலியை இழுத்தால் தண்ணி வருது அப்பா, பினாங்கு மாதிரியே" என்றாள். மூன்று வாரமாக எதிரி வீட்டுக்குத் தினம் இரண்டு தடவை போய் வந்திருக்கிறாள் என் மகள். நான் இங்கே மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்! அடித்திருப்பேன், கோமதி குறுக்கே நின்றாள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி சுப்பையா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கூடை நாட்டுக் கத்தரிக்காய். சிரிப்பு இல்லை.

"தம்பி, கூட்டத்துல வாய் நீண்டுட்டு. மனசுல வச்சுக்கிடாதிய. இப்பம் வீடு முழுக்க சீசன் ஆளுக்குப் பேசியாச்சு. ஆவணி பொறக்கட்டும். டேங்க ஒடச்சு எடுத்து, அழுக்கு மண்ண வாரி, ஆத்து மணலக் கொட்டித் தாரேன். எழுதியும் தாரேன்."

உள்ளேயிருந்து கோமதி நிலைப்படி வரை வந்துவிட்டாள். "ரெண்டு மாசந்தான? சரின்னு சொல்லுங்க. சவத்த, எடுத்துட்டாப் போதும்" என்றாள்.

போதாது எனக்கு. அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. இவர் ஆவணியில் சௌகரியமாக உடைப்பாராம், நான் கத்தரிக்காய் தின்ன வேண்டுமாம். "நாளைக்கே எடுக்கணும். முடியாதுன்னா என் எல்லையில நான் சுவர் கட்டுவேன்" என்றேன்.

"டேங்கு மேலயா? எங்கன வே கெட்டுவீரு?"

"அது என் தொழில் அண்ணாச்சி."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோமதி நிலைப்படியிலிருந்து உள்ளே திரும்பிவிட்டாள்.

5

இந்தப் பகுதியை ருசித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

டேங்கின் மேல் நேராகச் சுவர் எழுப்பினால் பலகை உடையும், எனக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, மேலே கருங்கல் உத்தரம் போட்டு, அதன் மேல் சுவரை ஏற்றினேன். டேங்கின் மேல் ஒரு செங்கல் பாரம் இல்லை. ஆனால் மூடி இரண்டும் சுவருக்கு இந்தப் பக்கம். ஊறல் குழியைச் செம்மண் கொட்டி நிரப்பி, நாலு ஆளை விட்டுத் திமிசு போட்டு இடிக்கச் சொன்னேன். என் மனை, என் மண். யார் கேட்பது? பிறகு மனையைச் சுற்றி முள்வேலி, முன்னால் கேட், கேட்டுக்குப் பூட்டு.

ஆறு பேர் புழங்கக் கட்டிய டேங்க். தண்ணீர் போக வழியில்லாமல், சீசன் கூட்டத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆடி பிறந்து பத்து நாள் என்று வந்தது. மாடியில் நின்று அண்ணாச்சி திமிசு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே அவர் கண்ணில் படும்படி நின்று, "நல்லா இடிங்கலே, நல்லா இடிங்க" என்று சத்தம் கொடுத்தேன். கோமதி சாரலில் நனைந்தபடி கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். லீவு முடிந்தது. கிணறு வெட்ட நாள் இல்லை. கப்பலேறினோம்.

ஆடி கழிந்து சுப்பையாவின் கடிதம் வந்தது. என் கணக்கு நாலு நாள்தான் பிசகு. அன்று மாடியில் மெட்ராஸ் வக்கீல் குடும்பம், பன்னிரண்டு பேர். காலையில் பீங்கானில் இறங்க வேண்டியது இறங்காமல் எதிர்த்து ஏறியிருக்கிறது. குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டுத் திரும்பியவர்கள் வீட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்றார்களாம். வக்கீல் அம்மாள் மூக்கில் முந்தானையோடு அண்ணாச்சியைக் கிழித்திருக்கிறாள். பெட்டி படுக்கையை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனதை ரோடே நின்று பார்த்திருக்கிறது. மறுநாள் போர்டு இறங்கிவிட்டது.

அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆபீஸில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று துரை கேட்டார். குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் என்றேன். கோமதி மட்டும் ஜிலேபி தொடவில்லை.

6

ஐப்பசியில் இரண்டாவது கடிதம். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் புது டேங்க் கட்டிவிட்டார். எங்கே தெரியுமா? வீட்டு முன்னால், கன்னி மூலையில்! தென்மேற்கில் குழி தோண்டினால் குடும்பம் விளங்காது என்று அந்தச் சோசியர் தலையில் அடித்துக்கொண்டாராம். படிக்கப் படிக்க எனக்குச் சீனி தின்ற மாதிரி இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

பழைய டேங்கைச் சரியாக எல்லைக்கோட்டில் கல் வைத்துப் பூசி அடைத்து, தன் பக்கத்துப் பாதியை மட்டும் உடைத்துச் சுத்தம் செய்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பாதி, நிறைந்தது நிறைந்தபடி நிற்கிறது. ஸ்டாம்பு காகிதத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார்: சர்வே கோட்டுக்கு மேற்கே உள்ள எதிலும் எனக்குப் பாத்தியதை கிடையாது என்று. சுப்பையாவிடம், "ஒம்ம மச்சான் கேட்டது இதத்தான வே? அவரு எல்ல, அவரு பாதி. எடுத்துக்கிடச் சொல்லும்" என்றிருக்கிறார்.

சுப்பையா கிணறு வெட்டுகிறவரையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். அவர் மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "ஊறிப்போச்சு. இங்கன வெட்டுனா மாடுகூட வாய் வைக்காது. இந்த மனையில இனி பத்து வருசத்துக்குக் கெணத்துப் பேச்சு வேண்டாம்" என்று போய்விட்டாராம்.

கடிதத்தை மறைத்து வைத்தேன். வைத்து என்ன? சுப்பையா அக்காவுக்கும் தனியாக எழுதியிருந்தான்.

அதன் பிறகு கோமதி கிணறு என்ற சொல்லையே எடுக்கவில்லை. விடிந்தால் வாளியோடு போவாள், வருவாள். நான்தான் விடாமல் திட்டம் போட்டேன். அண்ணாச்சி மேல் வழக்குப் போடுவது, சுவரை இன்னும் உயர்த்துவது, அவர் மாடி ஜன்னலுக்கு நேரே தகரக் கொட்டகை அடிப்பது. தினம் ஒரு யோசனை. இன்று சாயங்காலம் சீனர்கள் விஷயத்தைச் சொல்லிப் பொருமிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். மேசையில் ஒரு பத்திரம் விரித்திருந்தது. ஊரிலிருந்து வந்தது. மனையை விற்கும் அதிகாரத்தைச் சுப்பையாவுக்குக் கொடுக்கிற காகிதம். வாங்குகிறவர் பெயரைப் படித்தேன். சண்முகவேலு அண்ணாச்சி.

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரைக் கேட்டு? என் மனையை அவனுக்கா? நான் செத்தாலும் விக்க மாட்டேன்!"

கோமதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மனை எம் பேர்ல இருக்கு. சண்டதான் உங்க பேர்ல."

இதுவரை இதை உங்களிடம் நான் சொல்லவில்லை, உண்மைதான். வாங்கியபோது அவள் பெயரில்தான் வாங்கினேன். தாலுகா ஆபீஸ் மனுவில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். நான் விரல் வைத்த இடத்தில் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துக் காட்டியதில்லை. பத்திரத்தின் அடியில் இப்போது அவள் கையெழுத்து காய்ந்திருந்தது. யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை.

"வேற யாரு வாங்குவா அத? அவருதான் வாங்கணும்" என்றாள். "இலஞ்சிப் பக்கம் ஒரு பழைய வீடு வருது. சுப்பையா பாத்துட்டான். கெணறு இருக்கு. கோடையிலயும் வத்தாதாம். இதுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். நீங்க போடுதியளா, அடுத்த வீட்டு நாயரக் கூப்பிடவா?"

போட்டேன். அண்ணாச்சி, இந்தப் பத்திரிகை உமது கடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். என் சுவரை நீர் இடிக்கப் போகிறீர். அந்தப் பாதி டேங்கு மறுபடி உமக்கே வந்து சேருகிறது. மூடியை நீரே திறந்து, நீரே அள்ளும். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் ஆறாது.

கோமதி பத்திரத்தை மடித்து உறையில் போட்டாள். மனசு கேட்கவில்லை எனக்கு. வாங்குகிற வீட்டிலாவது எல்லாம் முறைப்படி இருக்க வேண்டுமே.

"அந்தக் கெணறு எந்த மூலையில இருக்கு?" என்று கேட்டேன்.

உறையை நாக்கில் நனைத்து ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"தண்ணி இருக்குத மூலையில."